மனச்சிதைவு நோய்: மாத்திரை தீர்க்கிறதா, மயக்குகிறதா?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற கூட்டத்தில் மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பெயர் போடவில்லை. "எங்கள் வீட்டில் ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். எட்டு மாதமாகச் சாப்பிட்டு இப்போது நன்றாக இருக்கிறார். இனி நிறுத்திவிடலாமா? இந்த மாத்திரை உண்மையில் நோயைத் தீர்க்கிறதா, அல்லது ஆளை மயக்கி வைக்கிறதா?" என்று எழுதியிருந்தது. பஞ்சப்படி பற்றியும் கூலி பற்றியும் வந்த சீட்டுகளுக்கு அன்றே பதில் சொல்லிவிட்டோம். இதற்கு அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது என்று எடுத்து வைத்துக்கொண்டோம். இன்றைய பேச்சு முழுவதும் அந்தச் சீட்டுக்குத்தான்.

நாங்கள் டாக்டர்கள் அல்ல. எங்கள் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை வேளை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எழுபது வருஷங்களுக்கு மேலாக உலகத்து டாக்டர்கள் இந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்துக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். கூலிச் சீட்டில் பிடித்தம் சரியா தப்பா என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கணக்கையும் பார்க்கத் தெரியும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாத்திரை வேலை செய்கிறது. எல்லாருக்கும் அல்ல, எல்லாத் தொல்லைக்கும் அல்ல. ஆனால் சுகம் கண்ட பிறகு தானாகவே நிறுத்திவிட்டால், நோய் திரும்பி வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். எப்படிச் சொல்கிறோம் என்பதை இனிப் பார்ப்போம்.

நோயின் குணம்

டாக்டர்கள் எழுதுவது ஸ்கிசோஃப்ரினியா. தமிழில் மனச்சிதைவு என்கிறார்கள். ஊரில் இதற்குப் பைத்தியம், பேய், செய்வினை என்று பல பெயர்கள். பெரும்பாலும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் நடுவில், உழைத்துச் சம்பாதிக்கும் பருவத்தில் தலைகாட்டுகிறது. மில்லில் சைடு பார்த்துக்கொண்டிருக்கும் வாலிபன் ஒருவன், மெஷின் சத்தத்துக்கு நடுவே யாரோ தன் பெயரைச் சொல்லித் திட்டுவதைக் கேட்கிறான். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. நாலு பேர் கூடிப் பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எண்ணுகிறான். மனைவி போட்ட சோற்றில் விஷம் இருக்கிறதென்று தட்டைத் தள்ளுகிறான். இது நடிப்பும் அல்ல, திமிரும் அல்ல. எங்கள் பேச்சு இப்போது உங்கள் காதில் எப்படி விழுகிறதோ, அப்படியே அந்தக் குரல் அவன் காதில் விழுகிறது.

இது ஒரு வகைத் தொல்லை. இன்னொரு வகை, சத்தமில்லாதது. வாய் திறந்து பேசாமல், குளிக்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் மூலையில் உட்கார்ந்திருப்பது. வீட்டார் இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவார்கள். இந்த இரண்டையும் பிரித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைக்கு முதல் வகையில் பலன் அதிகம், இரண்டாவது வகையில் குறைவு. குரல் அடங்கி, சந்தேகம் அடங்கி, ஆனால் பிள்ளை இன்னும் மூலையிலேயே உட்கார்ந்திருக்கும்போதுதான் "மாத்திரையால் ஒன்றும் ஆகவில்லை" என்று வீட்டார் கைவிடுகிறார்கள். பாதி வேலையை அது செய்து முடித்திருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி சுமார் 300 பேருக்கு ஒருவர். ஆயிரம் குடும்பம் உள்ள ஊரில் பத்துப் பன்னிரண்டு பேராவது இருப்பார்கள். நமக்குத் தெரியவில்லை என்றால், வீட்டார் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சாயத்திலிருந்து வந்த மருந்து

1952க்கு முன்னால் இந்த நோய்க்கு மருந்து என்று சொல்லத்தக்கது ஏதும் இருக்கவில்லை. பெரிய மதில், இரும்புக் கதவு, அதற்குள்ளே ஆயுள் முழுவதும். இன்சுலின் ஊசி போட்டு நினைவிழக்கச் செய்து பார்த்தார்கள். மூளையின் முன்பகுதியில் நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். அப்படி வெட்டும் முறையைக் கண்ட போர்ச்சுகல் டாக்டர் எகாஸ் மோனிஸுக்கு 1949இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். பரிசு கிடைத்ததனால் ஒரு வைத்தியம் நல்ல வைத்தியம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

முதல் மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? பஞ்சாலைத் தோழர்களுக்கு இது சுவாரசியமாக இருக்கும். 1876இல் ஜெர்மனியில் பருத்தித் துணிக்கு நீல நிறம் ஏற்ற மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைத் தயாரித்தார்கள். அந்தச் சாயத்தை ஆராய்ந்த பெர்ன்த்சென் என்ற ரசாயனி 1883இல் அதன் அடிப்படைப் பொருளைக் கண்டறிந்தார். அதன் பெயர் ஃபீனோதயசீன். 1930களில் அதைப் பூச்சிமருந்தாகவும், ஆடு மாடுகளுக்குக் குடற்புழு மருந்தாகவும் உபயோகித்தார்கள். அதே குடும்பத்தில் 1950 டிசம்பரில் பிரான்சில் குளோர்ப்ரோமசீன் என்ற பொருள் பிறந்தது. பால் ஷார்ப்பான்டியே என்ற ரசாயனி தயாரித்தார். பைத்தியத்துக்காக அல்ல. ஆபரேஷன் செய்யும்போது உடம்பின் அதிர்ச்சியைக் குறைக்க லாபோரி என்ற கடற்படை டாக்டர் அதைப் போட்டுப் பார்த்தார். நோயாளிகள் தூங்கிவிடாமல், ஆனால் பதற்றமில்லாமல் அமைதியாக இருந்ததைக் கண்டு, இது மனநோய்க்கு உதவும் என்று அவர்தான் முதலில் சொன்னார். 1952இல் பாரிஸ் நகரத்து செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரு டாக்டர்கள் 38 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிப் போட்டு வைத்திருந்தவர்கள் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். இரண்டே வருஷத்தில் மருந்து அமெரிக்காவுக்கும் போய்விட்டது.

நம் தேசத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தி என்ற செடியின் வேரை, வடக்கே பீகார்ப் பக்கம் "பாகல் கி தவா" என்றே சொல்லுவார்கள். பைத்திய மருந்து என்று அர்த்தம். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் இந்த வேர் சித்தப் பிரமைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் பயன்படுவதாக எழுதினார்கள். 1952இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதிலிருந்து ரெசர்ப்பீன் என்ற சத்தைப் பிரித்தெடுத்தது. 1954இல் நேதன் கிளைன் என்ற அமெரிக்க டாக்டர் அதை மனச்சிதைவுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். கம்பெனி பணம் சம்பாதித்தது, பீகார்க் கிராமத்துக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. அது ஒரு பக்கம். ரெசர்ப்பீன் ரத்த அழுத்தத்தை மிகவும் இறக்கியது, மனச்சோர்வை உண்டாக்கியது, குளோர்ப்ரோமசீன் அளவுக்கு வேகமாகவும் வேலை செய்யவில்லை. அதனால் இந்த நோய்க்கு அதைக் கைவிட்டுவிட்டார்கள். நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கி அரைத்துக் கொடுக்கலாமா என்று இங்கேயே யாராவது யோசித்துக்கொண்டிருப்பீர்கள். வேண்டாம். ரத்த அழுத்தம் விழுந்து ஆளே விழுந்துவிடுவார்.

மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது? மூளை நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப டோபமீன் என்ற ரசாயனத்தை உபயோகிக்கின்றன. இந்த நோயில் மூளையின் ஒரு பகுதியில் அந்தச் செய்தி அளவுக்கு மீறிப் போகிறது. மருந்து அதைத் தடுக்கிறது. இந்த விளக்கத்துக்கு 1963இல் அடிப்படை போட்டவர் ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன். டோபமீன் ஆராய்ச்சிக்காக அவருக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே "ஆளை மயக்குகிறதா" என்ற கேள்விக்கு இங்கேயே பாதி பதில் இருக்கிறது. தூக்கம் வருவது பக்க விளைவு. குரல் அடங்குவதுதான் மருந்தின் வேலை. தூக்க மாத்திரை கொடுத்தால் நோயாளி தூங்குவார். எழுந்ததும் குரலும் எழுந்துவிடும்.

கணக்கு என்ன சொல்கிறது?

மருந்து பலிக்கிறதா என்று பார்க்க ஒரு நேர்மையான வழி உண்டு. நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும், மறு பாதிக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரையும் கொடுப்பார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் டாக்டருக்கும் தெரியாது. 1964இல் அமெரிக்க சர்க்கார் 9 ஆஸ்பத்திரிகளில் நடத்திய இப்படிப்பட்ட பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. ஆறு வாரத்தில் மருந்து சாப்பிட்டவர்களில் 100க்கு சுமார் 75 பேர் நன்றாகத் தேறினார்கள். மாவு மாத்திரைக்காரர்களில் கால் பங்குக்கும் குறைவு.

இந்த 75ஐ மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டால் உங்களை ஏமாற்றியவர்கள் ஆவோம். 2017இல் ஜெர்மனியைச் சேர்ந்த லாய்ஷ்ட் என்ற டாக்டரும் அவர் குழுவும் அறுபது வருஷத்துப் பரிசோதனைகள் 167ஐ ஒன்று சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். மொத்தம் 28,000 பேருக்கு மேல். மருந்து சாப்பிட்டவர்களில் 100க்கு 51 பேருக்குக் கொஞ்சமாவது குணம் தெரிந்தது. மாவு மாத்திரையில் 30 பேர். நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டால் மருந்தில் 23, மாவில் 14. அவர்களில் பெரும்பாலோர் நெடுநாள் நோயாளிகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிதாக நோய் வந்தவர்களுக்குப் பலன் இதைவிட அதிகம். இருந்தாலும், மருந்து மந்திரம் அல்ல என்பது தெளிவு. மந்திரம் என்று விற்பவனையும் நம்பாதீர்கள், விஷம் என்று பயமுறுத்துபவனையும் நம்பாதீர்கள்.

சீட்டு எழுதிய தோழர் கவனிக்க வேண்டிய கணக்கு இன்னொன்று. அதே டாக்டர் குழு 2012இல் வெளியிட்டது. மருந்தால் நிலைப்பட்டவர்களை எடுத்துக்கொண்டு, சிலருக்கு மருந்தைத் தொடர்ந்தும் சிலருக்கு நிறுத்தி மாவு மாத்திரை கொடுத்தும் பார்த்த 65 பரிசோதனைகள். ஏறக்குறைய ஒரு வருஷத்தில், மருந்தைத் தொடர்ந்த 100 பேரில் 27 பேருக்கு நோய் திரும்பியது. நிறுத்திய 100 பேரில் 64 பேருக்குத் திரும்பியது. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தவர்கள் 10க்கு எதிராக 26. நிறுத்திய அன்றே ஒன்றும் நடக்காது. ஒரு வாரம் சுகமாகக்கூட இருக்கும். தூக்கக் கலக்கம் போய், உடம்பு லேசாகி, "பார், நிறுத்தியதும் எவ்வளவு நன்றாக இருக்கிறேன்" என்பார். பிறகு இரண்டு மூன்று மாதத்தில் தூக்கம் கெடும், சந்தேகம் எட்டிப் பார்க்கும். மாத்திரையை நிறுத்தியதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வீட்டாருக்குத் தோன்றாது. சாமி குற்றம் என்பார்கள்.

அப்படியானால் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டுமா? அதுவும் வேதவாக்கு அல்ல. ஹாலந்து தேசத்தில் முதல் தடவை நோய் வந்து தேறிய 103 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ பார்த்தவர்களுக்கு ஆரம்பத்தில் நோய் அதிகமாகத் திரும்பியது. ஆனால் ஏழு வருஷம் கழித்துப் பார்த்தபோது, வேலைக்குப் போய்ச் சொந்தக் காலில் நிற்கும் அளவுக்கு மீண்டவர்கள் அந்தப் பக்கத்தில் 100க்கு 40, மருந்தை அப்படியே தொடர்ந்த பக்கத்தில் 18. இது 2013இல் வந்த முடிவு. இதைப் பிடித்துக்கொண்டு பலர் மருந்தே வேண்டாம் என்று எழுதினார்கள். 2023இல் இங்கிலாந்தில் 253 நெடுநாள் நோயாளிகளிடம், டாக்டர் மேற்பார்வையில் மெல்ல மெல்லக் குறைத்துப் பார்த்த முடிவு வெளியாயிற்று. இரண்டு வருஷத்தில் வேலை, பழக்கவழக்கம் எதிலும் முன்னேற்றமில்லை. கடுமையாக நோய் திரும்பியவர்கள் 100க்கு 25, தொடர்ந்தவர்களில் 13. ஆகவே நம் அபிப்பிராயம் இதுதான்: குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. முதல் தடவை நோய் கண்டவர் குணமானபின் ஒன்று இரண்டு வருஷம் தொடர வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதன்பின் படிப்படியாக, பல மாதங்களில், கண்காணிப்போடு குறைத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று தடவை திரும்பியவர் நெடுங்காலம் தொடர வேண்டியவர். எட்டு மாதத்தில், யாரிடமும் சொல்லாமல், ஒரே நாளில் நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

பலிக்காதவர்களுக்கு ஒரு மருந்து

சுமார் மூன்றில் ஒருவருக்கு, இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் போதிய காலம் கொடுத்தும் போதிய குணம் ஏற்படுவதில்லை. இவர்களுக்கென்று நிரூபணமான மருந்து க்ளோசபீன். இதன் கதை ஒரு பாடம். 1950களின் கடைசியில் ஸ்விட்சர்லாந்தில் தயாரானது. 1975இல் ஃபின்லாந்தில் இதைச் சாப்பிட்ட சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அழிந்து, சாதாரணக் காய்ச்சலே உயிரைக் குடித்தது. மருந்து பல தேசங்களில் நின்றுபோயிற்று. ஆனால் டாக்டர்கள் மறக்கவில்லை, ஏனென்றால் வேறு எதற்கும் அசையாதவர்கள் இதற்கு அசைந்ததைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். 1988இல் ஜான் கேன் என்ற அமெரிக்க டாக்டர், மற்ற மருந்துகள் தோற்ற 268 பேரிடம் பரிசோதித்தார். ஆறு வாரத்தில் க்ளோசபீனில் 100க்கு 30 பேர் தேறினார்கள். குளோர்ப்ரோமசீனில் 4 பேர். அதன்பின் ரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கி மருந்து திரும்பியது.

திரும்பியபோது அமெரிக்காவில் என்ன விலை? மருந்தையும் ரத்தப் பரிசோதனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி, வருஷத்துக்குச் சுமார் 9,000 டாலர். மூட்டையாகத்தான் வாங்க வேண்டும் என்றது கம்பெனி. மாநில சர்க்கார்கள் வழக்குப் போட்ட பிறகுதான் மூட்டை அவிழ்ந்தது. நம் தேசத்தில் 1970இல் இயற்றி 1972இல் அமலான காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே என்றது. அதனால் க்ளோசபீன், ரிஸ்பெரிடோன், ஓலன்சபீன் எல்லாவற்றையும் நம் கம்பெனிகளே மலிவாகத் தயாரித்தன. 2005இல் அந்தச் சட்டம் மாறிவிட்டது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் டோபமீனைத் தடுக்காத புதுவகை மருந்து ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. அங்கே அதன் பட்டியல் விலை மாதத்துக்கு 1,850 டாலர். அது நம் ஊர் மருந்துக் கடைக்கு எப்போது, என்ன விலைக்கு வரும் என்பதை இந்த இரண்டு வருஷங்களுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை வைத்து நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

புது மருந்து என்றாலே நல்ல மருந்து என்ற எண்ணமும் வேண்டாம். 1990களில் ரிஸ்பெரிடோனும் ஓலன்சபீனும் வந்தபோது, பழையவற்றைவிடப் பல மடங்கு உயர்ந்தவை என்று பிரசாரம் நடந்தது. 2005இல் அமெரிக்காவில் 1,493 நோயாளிகளிடம், பெர்ஃபெனசீன் என்ற 1950களின் பழைய மருந்தையும் புதியவற்றையும் ஒப்பிட்டார்கள். பழையது ஏறக்குறைய புதியவற்றுக்கு ஈடாக நின்றது. ஓலன்சபீன் மட்டும் சற்று முந்தியது, ஆனால் உடல் பெருத்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. இன்னொன்று: 18 மாதம் முடிவதற்குள் 100க்கு 74 பேர் தங்களுக்குக் கொடுத்த மருந்தை நிறுத்தியோ மாற்றியோ விட்டார்கள். பணக்கார தேசத்திலேயே அப்படி. வயது முதிர்ந்தவர்களின் மறதி நோய்க்கு இந்த மருந்தை விற்கத் தூண்டியதற்காக ஓலன்சபீன் கம்பெனியான எலி லில்லி 2009இல் 141.5 கோடி டாலர் கட்டியது. அதற்காக ஓலன்சபீன் கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. தேவைப்பட்டவருக்கு அது நல்ல மருந்துதான்.

உழைப்பவர் உடம்பில் மருந்து

பக்க விளைவுகளைப் பற்றி வீட்டாரிடம் விளக்கமாகச் சொல்ல ஆஸ்பத்திரி வரிசையில் நேரம் இருப்பதில்லை. மாத்திரையை விட்டுவிடுவதற்கு இதுவே பெரிய காரணம். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்தில், ஆரம்ப நாட்களில் சிலருக்குத் திடீரென்று கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்குத் தடிக்கும். பார்க்கிறவர்கள் பேய் பிடித்துவிட்டது, அல்லது மருந்து கொல்கிறது என்று அலறுவார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் ஒரு ஊசியில் சிறிது நேரத்தில் விட்டுவிடும். கை நடுக்கம், உடம்பு விறைப்பு வந்தால் அதற்கும் மாற்று மாத்திரை உண்டு. இன்னொன்று, உட்கார முடியாத தவிப்பு. கால் ஓரிடத்தில் நிற்காது. இதை நோய் முற்றிவிட்டது என்று தப்பாக எண்ணிக்கொள்வார்கள். அளவைக் குறைத்தால் அல்லது மருந்தை மாற்றினால் சரியாகும். பல வருஷம் சாப்பிட்டவர்களில் சிலருக்கு வாயும் நாக்கும் தானாக அசையத் தொடங்கும். இதை லேசாக விடக் கூடாது, சில சமயம் நிலைத்துவிடும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். கர்ப்பமோ என்று வீட்டில் சந்தேகப்பட்டு ரகளை செய்யாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மில்லில் வேலை செய்பவருக்குத் தூக்கக் கலக்கம் ஆபத்து. ஓடுகிற மெஷின் முன்னால் கண் சொருகினால் விரல் போய்விடும். மருந்தை இரவு வேளைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். இரவு ஷிப்டு இந்த நோயாளிக்கு ஆகாது. தூக்கம் கெட்டாலே நோய் எழும்பும். சங்கத் தோழர்கள் மேஸ்திரியிடம் பேசிப் பகல் ஷிப்டு வாங்கிக்கொடுப்பது ஒரு மாத்திரைக்குச் சமம்.

வயலில் வேலை செய்பவருக்கு வேறு ஆபத்து. குளோர்ப்ரோமசீன் சாப்பிடுகிறவரின் தோலை வெயில் சீக்கிரம் சுட்டுவிடும். இவ்வகை மருந்துகள் உடம்பு வெப்பத்தைத் தணிக்கும் சக்தியையும் குறைக்கின்றன. சித்திரை வெயிலில் களை எடுக்கப் போகிறவர் தலைக்குத் துணி கட்டி, முழுக்கைச் சட்டை போட்டு, அடிக்கடித் தண்ணீர் குடிக்க வேண்டும்.

பீடிக்கும் இந்த மருந்துக்கும் சம்பந்தம் உண்டு என்றால் சிரிப்பீர்கள். புகை உள்ளே போனால் ஈரல் வேகமாக வேலை செய்து க்ளோசபீனையும் ஓலன்சபீனையும் சீக்கிரம் கழித்துவிடுகிறது. கட்டு பீடி குடிப்பவருக்கு அதே மாத்திரை குறைவாகத்தான் ஏறும். பீடியைத் திடீரென்று விட்டால் அளவு கூடி மயக்கம் வரும். விடுவது நல்லது, விடுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். க்ளோசபீன் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். மலச்சிக்கலையும் அலட்சியம் செய்யக் கூடாது, அது முற்றி உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது.

அறுவடைக்கு ஊர் ஊராகப் போகிற குடும்பங்களுக்குத் தினமும் மாத்திரை என்பது கஷ்டம். இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒரு முறை போடும் ஃப்ளூபெனசீன் ஊசி உண்டு. அதைக் கேட்டு வாங்கலாம்.

சங்கிலியா, சிகிச்சையா?

1998இல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், சென்னை நகரத்திலேயே கண்டறிந்த மனச்சிதைவு நோயாளிகளில் கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒரு நாளும் சிகிச்சை பெறாதவர்கள் என்று தெரிந்தது. நகரத்தில் அப்படியென்றால் கிராமத்தை யோசியுங்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் டாக்டர் இல்லை, மருந்து உண்டு என்று சொன்னவர் இல்லை. தர்காவுக்கோ கோயிலுக்கோ போவதை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மாத்திரையையும் மடியில் கட்டிக்கொண்டு போங்கள். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது.

மாத்திரை மட்டும் போதுமா? காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்கள், கோவா, மராட்டியத்தின் சத்தாரா ஆகிய மூன்று இடங்களில் 282 நோயாளிகளிடம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2014இல் வந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு பிரிவினருக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் வீடு தேடிச் சென்று மருந்தை நினைவுபடுத்தி, குடும்பத்தோடு பேசி, வேலைக்குத் திரும்ப உதவினார்கள். பெரிய டாக்டர்கள் அல்ல, பள்ளிப் படிப்புப் படித்த நம்மைப் போன்றவர்கள். இரண்டாவது பிரிவினர் ஓரளவு கூடுதலாகத் தேறினார்கள். பலன் அதிகம் தெரிந்தது நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான். கர்நாடகக் கிராமங்களில் சிகிச்சையே பெறாத 100 பேரைத் தேடிப்போய் மருந்து கொடுத்த முயற்சியின் முடிவு 2005இல் வெளியாயிற்று. ஒன்றரை வருஷத்தில் நோய் குறைந்ததோடு, அவர்களைக் காவல் காக்க வீட்டார் இழந்துகொண்டிருந்த நேரமும் மிஞ்சியது. கூலிக்காரக் குடும்பத்தில் ஒருவரைக் காக்க இன்னொருவர் வேலைக்குப் போகாமல் இருந்தால் இரண்டு கூலி நஷ்டம். மருந்தின் பலனை டாக்டர்கள் குரல் அடங்கியதில் அளக்கிறார்கள். வீட்டார் அளப்பது இந்த இரண்டாவது கூலியில்.

வெறும் மாத்திரையைக் கொடுத்துக் கைகழுவினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1955இல் அமெரிக்க மாநில மனநோய் ஆஸ்பத்திரிகளில் சுமார் 5,59,000 பேர் இருந்தார்கள். மாத்திரை வந்தது ஒரு காரணம், செலவைக் குறைக்க விரும்பியது மற்றொரு காரணம். 1980க்குள் 1,40,000க்கும் கீழே வந்துவிட்டது. வெளியே வந்தவர்களுக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை. தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். மருந்து தோற்கவில்லை. மருந்தோடு போக வேண்டியவை போகவில்லை.

இனி, கையில் என்ன இருக்கிறது என்று சொல்லி முடிக்கிறோம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலுள்ள மனநோய் மருந்துகளைச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது 2017 சட்டத்திலேயே இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் எந்தக் கிழமை எந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று விசாரித்து வையுங்கள். மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போங்கள். "இருப்பு இல்லை" என்றால் சும்மா திரும்பாமல் எழுதிக் கொடுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள். மில் தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ.யில் நீண்ட கால நோய்ப் பட்டியலில் மனச்சிதைவு சேர்ந்திருக்கிறது. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையிலிருந்து உரிய சந்தா கட்டியவர்களுக்கு, சம்பளத்தில் 100க்கு 80 வீதம், இரண்டு வருஷம் வரை உதவித்தொகை கிடைக்கும். லீவு எடுத்த நோயாளியை "தானாக நின்றுவிட்டார்" என்று எழுதி வெளியேற்றுவது சில மில்களில் நடக்கிறது. எனவே முதல் நாளே மெடிக்கல் சர்டிபிகேட்டைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். விவசாயத் தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. அவர்கள் மாற்றுத் திறனாளி அடையாள அட்டைக்கு மனு போடலாம், 2016ஆம் வருஷத்துச் சட்டப்படி மனநோயும் அதில் அடங்கும். இரண்டு மனுவுக்கும் படிவம் எழுதத் தெரிந்த தோழர்கள் இங்கே இருக்கிறார்கள். தேவைப்பட்டவர்கள் கூட்டம் கலைந்ததும் பின்புறம் வந்து பேசலாம். இதற்கும் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

(கரகோஷம்)